பெயரும் பொருளும்: ஆதித் தனியாள் கணினிகளிற் புறச்சாதனங்கள் அமைக்கப்பட்ட வரலாறு

ஒரு பொறியின் வரலாறு என்பது அதனை ஆக்கியோரின் வரலாறு மாத்திரமன்று. அதனைக் கையாண்டோர் பட்ட பாட்டின் வரலாறும் அதனுள் அடங்கும். இக்காலத்தில் அச்சுப்பொறி ஒன்றைக் கணினியுடன் இணைக்க விரும்புவோருக்கு, வடமொன்றைச் செருகிச் சில கணம் பொறுத்திருப்பதோடு வேலை முடிந்துவிடுகின்றது. வந்த சாதனம் இன்னதெனக் கணினியே அறிகின்றது. அதற்குரிய செய்நிரலைத் தேடியெடுக்கின்றது. அதனோடு தொடர்பு கொள்ளுதற்கு வேண்டிய வழியையும் தானே வகுத்துக்கொள்கின்றது. இவ்வெளிமை நிலைபெற்று முப்பது ஆண்டுகளளவே ஆகின்றன. அதற்கு முன்னர், 1975ஆம் ஆண்டு தொடக்கம் 1995ஆம் ஆண்டு வரையான இருபது ஆண்டுக் காலத்தில், இப்பணிகளுட் பெரும்பாலன கணினியை வாங்கியவரின் கையிலேயே விடப்பட்டிருந்தன. அவர் தம் சாதனங்களுட் பலவற்றைக் கட்டளை வரியில் எழுத்தெழுத்தாகத் தட்டெழுதியும், சிலவற்றை ஆளிகளையும் இணைப்பு முள்களையும் மாற்றியும் அமைத்துக்கொண்டார்.

அக்காலத்து முறைகளை முதிராத தொழினுட்பத்தின் குறைபாடு என்று ஒருசொல்லில் ஒதுக்கிவிடுவது வழக்கம். அக்கூற்று முழுமையானதன்று. சாதனங்களுக்குப் பெயரிடுவதும் இடம் ஒதுக்குவதும் யாருடைய அதிகாரம் என்ற வினா அம்முறைகளின் அடியிற் கிடந்தது. அவ்வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளே இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

ஆளிகளின் காலம்

அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்து அல்புக்கேர்க்கி நகரில் இயங்கிய மிற்ஸ் என்னும் நிறுவனம் ஆக்கிய அல்ரெயர் 8800 என்ற கணினி, 1975ஆம் ஆண்டு சனவரி மாதப் பொப்புலர் எலெக்றோனிக்ஸ் சஞ்சிகையின் அட்டையில் இடம்பெற்றது. இன்ரெல் நிறுவனத்தின் 8080 என்னும் நுண்செயலி அதன் உயிர்நிலை. அதற்குத் திரையுமில்லை, விசைப்பலகையுமில்லை. முகப்பில் வரிசையாக அமைந்த ஆளிகளை மேலும் கீழும் தள்ளித் துவித எண்களை ஒவ்வொன்றாக நினைவகத்தில் இடவேண்டும். சிறு விளக்குகள் எரிவதையும் அணைவதையும் கொண்டு விடையை அறியவேண்டும். வசதியுடையோர் தொலையச்சுப் பொறி ஒன்றை அதனுடன் இணைத்தனர். அப்பொறியே விசைப்பலகையாகவும் அச்சுப்பொறியாகவும் துளைத்தாள் நாடாவைப் படிக்கும் கருவியாகவும் பயன்பட்டது.

இந்நிலையிற் சாதனத்துக்குப் பெயர் என ஒன்று இருக்கவில்லை; எண்ணே இருந்தது. நுண்செயலி வெளியுலகோடு உறவாடுதற்குரிய வாயில்கள் எண்ணாற் சுட்டப்படும். அவை துறை எண்கள் எனப்படும். இன்ன எண்ணுடைய துறையில் இன்ன அட்டை இருக்கின்றது என்பதை ஒவ்வொரு செய்நிரலும் தன்னகத்தே எழுதிவைத்திருக்க வேண்டியிருந்தது. வேறோர் அட்டையை வாங்கினால், செய்நிரலையும் மாற்றவேண்டும். அல்ரெயருக்கென மைக்ரோசொவ்ற் நிறுவனம் எழுதிய பேசிக் மொழி இத்தொல்லையைச் சற்றே குறைக்க முயன்றது. தொடங்கும்போது அது முகப்பிலுள்ள ஆளிகள் சிலவற்றின் நிலையைப் படித்து, எவ்வகை அட்டை பொருத்தப்பட்டுள்ளது என்பதை அறிந்துகொண்டது. உரிமையாளர் தம் பொறியின் அமைப்பைச் செய்நிரலுக்கு அறிவிக்கும் மரபின் தொடக்கத்தை இங்கே காணலாம்.

இருவகைப் பெயர்கள்

எண்ணிலிருந்து பெயருக்கு வந்தது அடுத்த படி. அதனைத் தனியாள் கணினி உலகிற் பரப்பியவர் கரி கில்டோல். கலிபோர்னியாவின் மொன்ரெறே நகரிலுள்ள கடற்படை உயர்கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய அவர், இன்ரெல் நிறுவனத்துக்கு ஆலோசகராகவும் பணியாற்றி, அந்நிறுவனத்தின் நுண்செயலிகளுக்கென பீஎல்/எம் என்னும் நிரன்மொழியை ஆக்கினார். நெகிழ்வட்டொன்றைக் கணினியோடு இணைத்து ஆளவிரும்பிய அவர், 1974ஆம் ஆண்டில் சீபீ/எம் என்னும் பணிசெயல் முறைமையை உருவாக்கினார்.

அதன் சிறப்பு அதன் பிரிவில் இருந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளில் அம்முறைமையைப் பொருத்த நேர்ந்தபோது, ஒவ்வொரு முறையும் முழுவதையும் திருத்துவது வீண் உழைப்பு என்பதைக் கில்டோல் கண்டார். ஆதலின், 1976ஆம் ஆண்டளவில், பொறிக்குப் பொறி வேறுபடும் பகுதியை வேறாகப் பிரித்து அதற்கு அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை எனப் பெயரிட்டார். பயோஸ் என்று இன்றும் வழங்கும் சொல் அதன் முதலெழுத்துக்களால் அமைந்ததே. ஏனைய பகுதிகள் எப்பொறியிலும் மாறாது நின்றன. உடலை மாற்றி உயிரை அப்படியே வைத்துக்கொள்ளும் இவ்வுத்தியினால் சீபீ/எம் பற்பல நிறுவனங்களின் பொறிகளிற் பரவியது.

இம்முறைமை சாதனங்களுக்கு இருவகைப் பெயர்களை வழங்கியது. கொன், ஆர்டீஆர், பீயூஎன், எல்எஸ்ரீ என்னும் நான்கும் தொழிலாற் பெற்ற பெயர்கள். அவை முறையே உரையாடுமிடம், படிப்பான், துளைப்பான், பட்டியல் அச்சிடுவான் என்பவற்றைக் குறிப்பன. ரீரீவை, சீஆர்ரீ, எல்பீரீ முதலியன பொருளாற் பெற்ற பெயர்கள். அவை தொலையச்சுப் பொறி, திரை, வரி அச்சுப்பொறி என்பவற்றைச் சுட்டுவன. செய்நிரல் தொழிற்பெயரை மாத்திரம் அறியும். அத்தொழிலை இன்று செய்வது எப்பொருள் என்பதைக் கணினியின் உரிமையாளர் தீர்மானிப்பார். கோயிற் கருமத்தில் அருச்சகர் என்னும் பதவி நிலையாக இருப்ப, அதனை இன்று வகிப்பவர் இன்னார் என மாறிவருதல் போன்றது இது.

அத்தீர்மானத்தைச் சொல்லும் கட்டளை ஸ்ராற் என்பது. ஸ்ராற் எல்எஸ்ரீ:=எல்பீரீ: என்று தட்டெழுதினால், பட்டியல் அச்சிடும் தொழில் வரி அச்சுப்பொறிக்குச் சேரும். எல்பீரீ என்பதற்குப் பதிலாக ரீரீவை என்று எழுதினால், அது தொலையச்சுப் பொறிக்கு மாறும். இக்கட்டளையின் உட்பொறிமுறை வியக்கத்தக்க எளிமையுடையது. நினைவகத்தின் 3ஆம் முகவரியில் ஒரேயொரு பைற்று இதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு பைற்றில் எட்டுப் பிற்றுக்கள் உள. நான்கு தொழில்களுக்கும் தலைக்கு இரண்டு பிற்றுக்கள் வீதம் அவை பங்கிடப்பட்டன. இரண்டு பிற்றுக்களால் நான்கு எண்களைக் குறிக்கலாம். ஆகவே ஒவ்வொரு தொழிலுக்கும் நான்கு சாதனங்களுள் ஒன்றைத் தெரிவுசெய்யலாம். ஸ்ராற் கட்டளை செய்ததெல்லாம் அவ்விரு பிற்றுக்களை மாற்றியமையே. ஆயினும் அப்பைற்றை மதிப்பதும் மதியாது விடுவதும் கணினியை ஆக்கிய நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தமையால், எல்லாப் பொறிகளிலும் இவ்வசதி கிட்டவில்லை.

இக்காலத்துக் கணினிகளுள் ஒன்று இலங்கையோடும் தொடர்புடையது. 1982இல் வெளிவந்த கேய்ப்புறோ என்னும் கணினி சீபீ/எம் முறைமையில் இயங்கியது. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சீ. கிளாக், தம் நாவலொன்றைத் திரைப்படமாக்கிய பீற்றர் ஹையம்ஸ் என்பாருடன் 1983, 1984 ஆண்டுகளில் இத்தகைய கணினிகளையும் மொடெம் கருவிகளையும் கொண்டு தொலைபேசிக் கம்பி வழியே கடிதம் பரிமாறினார். அக்கடிதங்கள் பின்னர் நூலுருவும் பெற்றன. கொழும்புக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே எழுத்துக்கள் பிழையின்றிச் செல்வதற்கு இருபுறத்துப் பொறிகளும் ஒரே வேகத்தில், ஒரே விதிகளின்படி அமைக்கப்பட்டிருத்தல் வேண்டும். அவ்வமைப்பைச் செய்வதே கையாள்வோரின் முதற் கடமையாயிருந்தது.

ஐ.பீ.எம். கணினியும் மோட் கட்டளையும்

1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் நாள் ஐ.பீ.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை அறிமுகஞ் செய்தது. அதன் பணிசெயல் முறைமையாகிய டொஸ், சியாற்றில் கொம்பியூற்றர் புறடக்ற்ஸ் நிறுவனத்தில் ரிம் பற்றர்சன் 1980இல் எழுதிய 86-டொஸ் என்பதிலிருந்து வளர்ந்தது. அதனை மைக்ரோசொவ்ற் விலைக்கு வாங்கி ஐ.பீ.எம். நிறுவனத்துக்கு உரியவாறு அமைத்தது. சீபீ/எம் மரபை நன்கறிந்தவர் எழுதியதாதலால், சாதனங்களைப் பெயரால் அழைக்கும் வழக்கம் அதிலும் தொடர்ந்தது. கொன் என்பது விசைப்பலகையும் திரையும், பீஆர்என் அச்சுப்பொறி, ஓக்ஸ் துணைச்சாதனம், நல் என்பது எதனை அனுப்பினும் விழுங்கிவிடும் வெறுமை. கோப்பொன்றை அச்சிட விரும்பியவர் அதனைப் பீஆர்என் என்னும் பெயருக்குப் பிரதி செய்தாற் போதும். சாதனமும் கோப்பும் ஒரே இலக்கணத்துக்கு உட்பட்டமை இம்முறையின் பெருஞ்சிறப்பாகும்.

சாதனத்தின் குணங்களை அமைப்பதற்கு மோட் என்னும் கட்டளை வழங்கியது. தொடர் துறையை அமைப்பதற்கு எழுதப்பட்ட மோட் கொம்1:1200,என்,8,1 என்னும் வரியை எடுத்துக்கொள்ளலாம். இவ்வரியின் ஒவ்வோர் உறுப்பும் பொருளுடையது. கொம்1 என்பது முதலாந் தொடர் துறை. 1200 என்பது செக்கனுக்கு அனுப்பப்படும் பிற்றுக்களின் தொகை. என் என்பது பிழையறியும் சமநிலைப் பிற்று வேண்டா என்பதற்கு அறிகுறி. 8 என்பது எழுத்தொன்றுக்குரிய பிற்றுக்கள். ஈற்றிலுள்ள 1 எழுத்தின் முடிவைக் காட்டும் பிற்று. மறுமுனையிலுள்ள மொடெம் அல்லது அச்சுப்பொறி இந்நான்கினுள் ஒன்றில் மாறுபட்டிருப்பினும் திரையில் தோன்றுவது பொருளற்ற குறிகளின் குவியலே.

இக்கட்டளை பொறியினுள் என்ன செய்தது என்பதும் அறியத்தக்கது. தொடர் துறை அட்டையில் 8250 என்னும் சில்லு இருந்தது. அதற்குச் செக்கனுக்கு 1,843,200 துடிப்புக்களை வழங்கும் பளிங்கொன்று காலங்காட்டியாக அமைந்தது. சில்லு அதனை முதலில் 16ஆல் வகுக்க 115,200 கிடைக்கும். அதனை மேலும் எவ்வெண்ணால் வகுக்கவேண்டும் என்பதைச் செய்நிரல் சொல்லவேண்டும். 1200 என்ற வேகத்துக்கு வகுக்கும் எண் 96. 9600 என்ற வேகத்துக்கு 12. மோட் கட்டளை அவ்வகுக்கும் எண்ணைப் பதினறும எண்முறையில் 3எஃப்8 எனக் குறிக்கப்படும் துறையின் வழியே சில்லிடம் சேர்ப்பித்தது. அல்ரெயரின் ஆளிகளைத் தள்ளியவர் நேரே செய்த வேலையை, மனிதர் படிக்கக்கூடிய ஒரு வரி இப்பொழுது செய்தது.

தொடர் துறையில் இணைக்கப்பட்ட அச்சுப்பொறியை உடையோர்க்கு மேலும் ஒரு வரி வேண்டியிருந்தது. செய்நிரல்கள் பெரும்பாலும் சமாந்தரத் துறையாகிய எல்பீரீ1க்கே எழுத்துக்களை அனுப்பும் வழக்கமுடையன. ஆதலின், மோட் எல்பீரீ1:=கொம்1: என்று கட்டளையிட்டு அவ்வோட்டத்தைத் திருப்பிவிட்டனர். முதலில் வேகத்தை அமைத்துப் பின்னரே ஓட்டத்தைத் திருப்பவேண்டும். வாய்க்காலைச் செப்பமிடாது மடையைத் திறத்தல் பயனற்றது என்பதை உழவர் அறிவர்.

சாதனமே கட்டளையைப் படித்து நடக்கும் முறையும் அதே காலத்தில் தோன்றியது. டெனிஸ் ஹேய்ஸ் 1981இல் வெளியிட்ட ஸ்மாட்மொடெம் என்னும் கருவிக்கு ஏரீ என்னும் ஈரெழுத்தோடு தொடங்கும் கட்டளைகளை எழுத்து வடிவிலேயே அனுப்பலாம். ஏரீடீரீ என எழுதித் தொலைபேசி எண்ணையும் சேர்த்தனுப்பினால் மொடெம் அவ்வெண்ணை அழைக்கும். பிற நிறுவனங்களும் இம்மொழியையே தத்தம் மொடெம்களுக்குப் பயிற்றுவித்தன.

1983ஆம் ஆண்டின் திருப்பம்

முதற் பதிப்பான டொஸ் முறைமைக்கு ஒரு குறை இருந்தது. ஆக்கியோர் முன்கூட்டியே அறிந்த சாதனங்களை மாத்திரமே அது அறியும். புதிய சாதனம் ஒன்று சந்தைக்கு வந்தால், பணிசெயல் முறைமையையே திருத்தவேண்டும். 1983ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், 10 மெகாபைற்று வன்றட்டுடன் வெளிவந்த ஐ.பீ.எம். எக்ஸ்ரீ கணினியுடன் டொஸ் 2.0 வெளியாயிற்று. யுனிக்ஸ் முறைமையின் கருத்துக்கள் பலவற்றைத் தழுவிய அப்பதிப்பு இக்குறையை நீக்கியது.

கணினி தொடங்கும்போது கொன்பிக்.சிஸ் என்னும் சிறு கோப்பை டொஸ் தேடிப் படித்தது. அதில் டிவைஸ்= என்று தொடங்கும் வரியொன்றில் சாதனச் செலுத்தியின் பெயரை எழுதினால், அச்செலுத்தி முறைமையோடு சேர்ந்துகொள்ளும். செலுத்திகள் யாவும் ஒன்றையொன்று சுட்டும் சங்கிலியாக நினைவகத்தில் நின்றன. சங்கிலியின் தலையில் நல் என்னும் வெறுமை எப்பொழுதும் நிற்கும். புதிதாய் வருவது அதற்கு அடுத்த இடத்தைப் பெறும். பெயரைக் கூறித் தேடும்போது முதலிற் காணப்படுவதே ஏற்கப்படுமாதலின், பிந்தி வந்த செலுத்தி அதே பெயருடைய முந்திய செலுத்தியின் இடத்தைக் கவர்ந்துகொள்ளலாம். டிவைஸ்=அன்சி.சிஸ் என்னும் வரி செய்தது இதுவே. அது கொன் என்னும் பெயரைத் தான் ஏற்றுத் திரைக்கு நிறங்களையும் சுட்டி நகர்த்தும் குறிகளையும் கற்பித்தது.

இத்திருப்பத்தின் விளைவு பெரிது. எந்நாட்டினரும், எச்சிறு நிறுவனத்தினரும், ஒரு சாதனத்தையும் அதற்கான செலுத்தியையும் ஆக்கி ஒரு நெகிழ்வட்டிற் சேர்த்து விற்கலாம். மைக்ரோசொவ்ற் நிறுவனத்தையோ ஐ.பீ.எம். நிறுவனத்தையோ கேட்கவேண்டியதில்லை. ஆனால் அவ்வனுமதி வேண்டாதாயின், சாதனங்களுக்கிடையே பிணக்கு நேரின் அதனைத் தீர்ப்பவரும் இல்லை என்பதும் பெறப்படும். அப்பிணக்கு விரைவிலேயே எழுந்தது.

கம்பிகளுக்கு வந்த பஞ்சம்

ஒரு சாதனத்துக்குத் துறை எண் மாத்திரம் போதாது. தனக்கு வேலை நேர்ந்தபோது நுண்செயலியை அழைப்பதற்குக் குறுக்கீட்டுக் கம்பி ஒன்றும் வேண்டும். ஐ.பீ.எம். கணினியில் 8259 என்னும் சில்லு எட்டுக் கம்பிகளை மாத்திரம் மேற்பார்வை செய்தது. 0 கடிகாரத்துக்கு, 1 விசைப்பலகைக்கு, 3 இரண்டாந் தொடர் துறைக்கு, 4 முதலாந் தொடர் துறைக்கு, 5 எக்ஸ்ரீ கணினியின் வன்றட்டுக்கு, 6 நெகிழ்வட்டுக்கு, 7 அச்சுப்பொறிக்கு. எஞ்சியது 2 ஒன்றே. 1984இல் வந்த ஏரீ கணினி இரண்டாவது சில்லொன்றைச் சேர்த்தது. இரண்டாவது சில்லு முதலாவதோடு இணைவதற்கே ஒரு கம்பி செலவானமையால், பதினாறில் பதினைந்தே பயன்பட்டன. அவற்றுள்ளும் பல முன்னரே பங்கிடப்பட்டவை.

அக்கணினிகளின் பாட்டையமைப்பில் ஒரு கம்பியை இரு அட்டைகள் ஒருங்கே நம்பகமாகப் பயன்படுத்த இயலாது. ஆகவே, அட்டைகளிலுள்ள சிறு ஆளிகளையும் இணைப்பு முள்களையும் மாற்றி ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு இடம் ஒதுக்குவது உரிமையாளர் கடமையாயிற்று. சுட்டியை கொம்1இலும் மொடெமை கொம்3இலும் இணைத்தவர், மொடெம் அழைக்கத் தொடங்கியவுடன் சுட்டி உறைந்துவிடக் கண்டார். இரண்டும் 4ஆம் கம்பியையே நாடியமை காரணம். சிங்கப்பூரில் சிம் வொங் ஹூ தொடங்கிய கிறியேற்றிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்ரர் என்னும் ஒலியட்டை, மாற்றாது விட்டால் அச்சுப்பொறிக்குரிய 7ஆம் கம்பியைப் பிடித்துக்கொண்டது. நொவெல் நிறுவனத்தின் பெயரால் வழங்கிய என்ஈ2000 வலையட்டை இரண்டாந் தொடர் துறைக்குரிய 3ஆம் கம்பியை நாடியது.

ஆளிகளை மாற்றியபின், அம்மாற்றத்தைச் செய்நிரல்களுக்கும் அறிவிக்கவேண்டும். செற் பிளாஸ்ரர்=ஏ220 ஐ5 டீ1 என்னும் வரி அதற்கோர் எடுத்துக்காட்டு. ஒலியட்டையின் துறை எண் 220. குறுக்கீட்டுக் கம்பி 5. நுண்செயலியின் உதவியின்றி நினைவகத்தை நேரே அணுகும் வழி 1 என்பது அதன் பொருள். ஆளி ஒன்றைக் கூற வரி வேறொன்றைக் கூறின், விளையாட்டு ஊமையாகும். அன்றேல் கணினி அசைவற்று நிற்கும்.

வன்றட்டை அமைத்த முறை இவற்றினும் கடுமையானது. புதிய வன்றட்டை ஆதிநிலையில் வகுப்பதற்குரிய செய்நிரல் வெஸ்ரேண் டிஜிற்றல் முதலிய நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அட்டைகளிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. அதனை எழுப்புவதற்கு டிபக் என்னும் கருவியைத் தொடங்கி, ஜீ=சீ800:5 என்று தட்டெழுதவேண்டும். சீ800:5 என்பது அட்டையினுள் அச்செய்நிரல் தொடங்கும் முகவரி. கவனமின்றி அவ்வழி சென்றால், தட்டிலுள்ள எழுத்துக்கள் யாவும் அழியும். மாதக் கணக்கான உழைப்பை ஒரு வரியால் இழத்தற்கு வாய்ப்பிருந்தமையின், கட்டளை வரியின் முன் அமர்ந்தோர்க்குப் பொறுமையும் குறிப்பேடும் இன்றியமையாதனவாயின.

நினைவகமும் பஞ்சத்துக்குத் தப்பவில்லை. 8088 நுண்செயலி அணுகத்தக்க 1,024 கிலோபைற்றுக்களுள் 640 செய்நிரல்களுக்கும், எஞ்சிய 384 பொறியின் உட்பாகங்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. டிவைஸ்= என்று சேர்க்கப்பட்ட ஒவ்வொரு செலுத்தியும் அந்த 640இல் ஒரு பங்கை உண்டது. சுட்டி, வலையமைப்பு, இறுவட்டு ஆகிய மூன்றையும் சேர்த்தவர், பெரிய செய்நிரலை ஓட்ட இடமின்றித் தவித்தார். 1991ஆம் ஆண்டு யூன் மாதம் வெளிவந்த டொஸ் 5.0, செலுத்திகளை 640க்கு மேற்பட்ட வெற்றிடங்களில் ஏற்றும் கட்டளைகளை வழங்கியது. வரிகளின் வரிசையை மாற்றுவதாலேயே சில கிலோபைற்றுக்களை மிச்சப்படுத்தலாம் என்பதைப் பலரும் கண்டனர். தேவைக்கேற்ற தொடக்க அமைப்பைப் பட்டியலிலிருந்து தெரியும் வசதி 1993இல் டொஸ் 6.0 உடன் வந்தது.

ஒழுங்கிற்குக் கேட்கப்பட்ட விலை

இத்துன்பத்துக்கு மாற்று இருக்கவில்லை என்று கூறமுடியாது. 1987ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஐ.பீ.எம். நிறுவனம் பீஎஸ்/2 என்னும் கணினிகளையும், அவற்றுட் பெரியனவற்றில் மைக்ரோ சனல் என்னும் புதிய பாட்டையையும் வெளியிட்டது. அதில் ஆளிகளும் முள்களும் இல்லை. ஒவ்வொரு வகை அட்டைக்கும் தனித்த அடையாள எண் உண்டு. அட்டையோடு வரும் விபரக் கோப்பை நெகிழ்வட்டிலிருந்து படித்து, மோதலில்லாத ஒதுக்கீட்டைக் கணினியே செய்யும். குறுக்கீட்டுக் கம்பிகளையும் அட்டைகள் பகிர்ந்துகொள்ளலாம். பொறியியல் நோக்கில் இது செம்மையான தீர்வு.

எனினும் அது வெற்றி பெறவில்லை. பழைய அட்டைகள் அதிற் பொருந்தா. அதனைப் பின்பற்றிக் கணினி ஆக்க விரும்பிய பிற நிறுவனங்கள் ஐ.பீ.எம். நிறுவனத்துக்கு உரிமைக் கட்டணஞ் செலுத்தவேண்டும். 1981இல் தன் கணினியின் உள்ளமைப்பை விரிவாக வெளியிட்டுப் பிறரும் அட்டைகள் ஆக்க வழிவிட்ட அதே நிறுவனம், இப்பொழுது ஒழுங்கோடு அதிகாரத்தையும் சேர்த்தே விற்க முயன்றது. 1988இல் கொம்பாக் நிறுவனத்தின் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடி, பழைய அட்டைகளையும் ஏற்கும் ஈசா என்னும் வேறொரு பாட்டையை அறிவித்தன. வாங்குவோரிற் பெரும்பாலோர் பழைய பாட்டையோடும் அதன் தொல்லைகளோடுமே தங்கினர். மலிவும், விரும்பிய அட்டையை விரும்பிய கடையில் வாங்கும் உரிமையும், கட்டளை வரியில் இழக்கும் மணித்தியாலங்களினும் பெரியனவாக அவர்களுக்குத் தோன்றின.

தம் பெயர் கூறிய அட்டைகள்

ஈற்றில் வந்த தீர்வு பழைய பாட்டையையே சீர்திருத்தியது. 1993ஆம் ஆண்டில் இன்ரெல், மைக்ரோசொவ்ற் முதலிய நிறுவனங்கள் செருகி இயக்கும் முறை பற்றிய விதிகளை வெளியிட்டன. எல்லா அட்டைகளும் ஒரே பாட்டையில் நிற்கும்போது, முகவரி பெறாத அட்டைகளுள் ஒன்றை மாத்திரம் பிரித்தழைப்பது எவ்வாறு என்பதே சிக்கல். அதற்குக் கண்ட வழி நுட்பமானது. ஒவ்வோர் அட்டைக்கும் 72 பிற்று நீளமுடைய அடையாள எண் வழங்கப்பட்டது. கணினி கேட்கும்போது எல்லா அட்டைகளும் தத்தம் எண்ணைப் பிற்றுப் பிற்றாக ஒருங்கே கூறத் தொடங்கும். தன் பிற்று 0 ஆக இருக்கும்போது அட்டை மௌனமாக நின்று பாட்டையைக் கவனிக்கும். மற்றோர் அட்டை 1 எனக் கூறுவதைக் கேட்டால், அது அச்சுற்றிலிருந்து விலகிவிடும். 72 பிற்றுக்களும் முடிந்தபின் ஓரட்டையே எஞ்சும். அதற்கு இடம் ஒதுக்கப்படும். பின்னர் எஞ்சியவற்றோடு மீண்டும் அதே முறை. அவையடக்கம் அறிந்த புலவர் கூட்டம் போன்றது இது.

இவ்வுரையாடலைத் தொடங்குதற்கு 279 என்னும் துறை தெரிவுசெய்யப்பட்டது. அது அச்சுப்பொறியின் நிலையைப் படிப்பதற்கே உரியது; அதில் எழுதினால் பழைய அட்டை எதற்கும் கேடில்லை. ஒருவரும் பயன்படுத்தாத ஒரு மூலையைத் தேடிப் புதிய ஒழுங்கின் வாயிலாக்கியமை, பழைய அட்டைகளை வைத்திருந்தோரையும் கைவிடாத செயலாகும்.

1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் நாள் வெளியான விண்டோஸ் 95 இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. 1992இல் இன்ரெல் வெளியிட்ட பீசீஐ பாட்டையும், 1996இல் வந்த யூஎஸ்பீ இணைப்பும் வேலையை மேலும் எளிதாக்கின. மாற்றம் ஒரே நாளில் முற்றுப்பெறவில்லை. 1998ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள், சிக்காகோ நகரிற் பில் கேற்ஸ் முன்னிலையில் விண்டோஸ் 98 காட்சிப்படுத்தப்பட்டபோது, வருடி ஒன்றை இணைத்தவுடன் கணினி பிழைச்செய்தியோடு நீலத்திரை காட்டி நின்றது. தானே அமைத்துக்கொள்ளும் பொறியும் தவறும். தவறியபோது திருத்தும் வழி மனிதர் கையில் முன்போல் இல்லை என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

மதிப்பீடு

இவ்வரலாற்றை மூன்று கட்டங்களாகத் தொகுத்துக் கூறலாம். முதற்கட்டத்திற் சாதனம் எண்ணால் அறியப்பட்டது. அதனை அறிந்தவர் செய்நிரல் எழுதியவர். இரண்டாங் கட்டத்தில் பெயரால் அறியப்பட்டது. பெயருக்கும் பொருளுக்கும் முடிச்சிட்டவர் உரிமையாளர். மூன்றாங் கட்டத்திற் சாதனம் தன்னைத் தானே அறிவித்தது, முடிச்சிடுவது பொறி. அமைக்கும் வேலை எக்கட்டத்திலும் அழியவில்லை. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறியதே உண்மை.

இரண்டாங் கட்டத்தின் தொல்லைகளுக்குப் பொறியியலாளரின் அறியாமை காரணமன்று. மைக்ரோ சனல் 1987இலேயே மேலான வழி இருந்தமைக்குச் சான்று. எவரும் எதனையும் ஆக்கலாம் என்ற திறந்த சந்தையில், கம்பிகளைப் பங்கிடும் அதிகாரி ஒருவர் இல்லாமையே காரணம். அவ்வதிகாரத்தை ஒரு நிறுவனத்துக்கு விலையாகக் கொடுப்பதிலும், தாமே அத்தொல்லையைச் சுமப்பது மேல் என வாங்குவோர் தீர்த்தனர். எந்நிறுவனமும் ஏற்கத்தக்க பொதுவிதி அமைந்த பின்னரே அச்சுமை இறங்கியது.

பழைய மரபின் சுவடுகள் எளிதில் அழிவனவல்ல. டொஸ் முதற் பதிப்பிற் கோப்புறைகள் இல்லாமையால், கொன், பீஆர்என், ஓக்ஸ், நல் என்னும் பெயர்கள் சாதனங்களுக்கே உரியன என விலக்கிவைக்கப்பட்டன. 2.0 பதிப்பிற் கோப்புறைகள் வந்தபின்னரும், பழைய செய்நிரல்கள் பழுதுறாவண்ணம் அவ்விலக்கு எல்லாக் கோப்புறைகளுக்கும் நீடிக்கப்பட்டது. 2015இல் வெளியான விண்டோஸ் 10 முறைமையிலும் கொன் என்ற பெயரில் வழக்கமான முறையிற் கோப்பொன்றை உருவாக்க முயல்வோர் மறுக்கப்படுவர். மோட் கட்டளையும் அதில் உண்டு. 1974இல் ஓர் ஆசிரியர் தம் வசதிக்காகக் கைக்கொண்ட பெயர்கள் நாற்பதாண்டு கடந்தும் ஆட்சி செய்கின்றன.

மாணவர் இவ்வரலாற்றைக் கற்பதனால் ஆம் பயன் யாதெனில், எளிமைக்கு அடியில் ஒரு தீர்மானம் உண்டு என்பதை அறிதலே. 96 என்னும் எண்ணைச் சில்லுக்கு அனுப்ப ஒரு வரி எழுதியவர் தம் பொறியின் ஒவ்வொரு கம்பியையும் அறிந்திருந்தார். அறியாதார்க்கு அப்பொறி பயன்படவில்லை. இன்று அறியாதார்க்கும் பயன்படுகின்றது. இது பெரும் பேறு. ஆனால் அறிய விரும்புவோர்க்கு வாயில் திறந்திருத்தலும் வேண்டும். கட்டளை வரியை வழக்கொழிந்த கருவியென்று கைவிடாது பயின்றுவைத்திருப்போர், அவ்வாயில் அடைபடாமற் காப்போராவர்.